சேர்ந்திருக்கும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

கணவனும் மனைவியும் ஊதியத்துக்காக உழைக்கும் குடும்பத்தைச் சமூகவியலார் இரட்டை வருவாய்க் குடும்பம் என்று குறிப்பிடுகின்றனர். இத்தகைய குடும்பங்களில் நேரம் போதுவதில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், அந்தப் பற்றாக்குறையை அளக்க முற்படும்போது வேலை செய்த மணிகளை மட்டும் கூட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டதால், அதைவிட முக்கியமான ஒன்று கணக்கில் வராமல் போகிறது. நாளுக்கு எட்டு மணிநேரம் உழைக்கும் இருவர் காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பினால், மாலைப் பொழுதும் முன்னிரவும் இருவருக்கும் பொதுவாக எஞ்சும். அதே எட்டு மணிநேரத்தை ஒருவர் காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரையிலும், மற்றவர் இரண்டு முதல் இரவு பத்து வரையிலும் செய்தால், மொத்த உழைப்பு ஒரு நிமிடம்கூடக் கூடாத நிலையிலேயே, இருவரும் விழித்திருந்து முகம் பார்த்துப் பேசும் நேரம் ஏறக்குறைய இல்லாமற்போய்விடும். ஆகவே குடும்ப நேரம் என்பது எத்தனை மணிநேரம் ஓய்வு கிடைக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. ஒருவருடைய ஓய்வு மற்றவருடைய ஓய்வோடு ஒரே வேளையில் வந்து சேர்கிறதா என்பதையும் பொறுத்தது. இவ்வாறு நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதை நேர ஒத்திசைவு எனலாம்.

இந்த ஒத்திசைவு குலைந்தால் என்ன நேரும் என்பதை ஒரு பெரிய நாடு முழுவதிலும் காட்டிய நிகழ்வு ஒன்று வரலாற்றில் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1929ஆம் ஆண்டு மே மாதம் கூடிய சோவியத்துகளின் மாநாட்டில், பொருளியலாளரான யூரி லாரின், தொழிற்சாலைகள் ஆண்டு முழுவதும் ஒரு நாளும் நிற்காமல் இயங்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். முதலில் பெரிதாகக் கவனிக்கப்படாத அந்த யோசனை, சில மாதங்களுக்குள் ஆட்சியின் கொள்கையாகி, அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஏழு நாள் வாரம் போய் ஐந்து நாள் வாரம் வந்தது. தொழிலாளர்கள் ஐந்து பிரிவுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு என்ற சுழற்சி வகுக்கப்பட்டது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் நான்கு பங்கினர் வேலையில் இருப்பர்; ஒரு பங்கினர் மட்டும் வீட்டில் இருப்பர். இயந்திரம் நிற்காது, ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லாமற்போவதால் தேவாலயத்துக்குப் போகும் வழக்கமும் தளரும் என்பது ஆட்சியாளரின் கூடுதல் எதிர்பார்ப்பு.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளிக்கு ஓய்வு குறையவில்லை என்பது கவனத்தில் நிறுத்த வேண்டிய செய்தியாகும். வாரத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு 52 ஓய்வு நாள்கள் கிடைத்த இடத்தில், ஐந்து நாளுக்கு ஒன்றாக ஏறக்குறைய 72 நாள்கள் கிடைத்தன. அப்படியிருந்தும் மக்கள் மகிழவில்லை. கணவனுக்கு ஒரு நிறமும் மனைவிக்கு வேறு நிறமும் வாய்த்த வீடுகளில், ஒருவர் ஓய்ந்திருக்கும் நாளில் மற்றவர் ஆலையிலும், பிள்ளைகள் பள்ளியிலும் இருந்தனர். யாருமில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது விடுமுறையாகுமா என்று தொழிலாளர்கள் முறையிட்ட கடிதங்கள் ஆளும் கட்சியின் நாளிதழான ப்ராவ்தாவிலேயே வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளில் இத்திட்டம் தளர்ந்தது. 1931 டிசம்பரில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வளிக்கும் ஆறு நாள் வாரம் அதன் இடத்தைப் பிடித்தது. 1940 ஜூனில் ஞாயிறு விடுமுறையுடன் ஏழு நாள் வாரமே திரும்பிவந்தது. ஆனால் ஸ்டாலின் 1931இல் இத்திட்டத்தைக் குறைகூறியபோது எடுத்துக்காட்டிய காரணம் குடும்பங்களின் துன்பமன்று. ஒரே இயந்திரத்தை நாளுக்கொருவர் மாறி மாறிக் கையாண்டதால் அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை, இயந்திரங்கள் பழுதாயின என்பதே அவர் கவலை. இயந்திரத்துக்கு நேர்ந்த இழப்பு கணக்கேட்டில் தெரிந்தது. வீட்டுக்கு நேர்ந்த இழப்பைப் பதிவதற்கு ஏடு எதுவும் இருக்கவில்லை. இந்த நிலை அந்த நாட்டோடும் அந்தக் காலத்தோடும் முடிந்துவிடவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இந்தியாவில் பொது ஓய்வு நாள் என்பது போராடிப் பெற்ற ஒன்று. பம்பாய் நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய இயக்கத்தின் விளைவாக, ஆலை முதலாளிகள் 1890 ஜூன் 10 அன்று ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமையையே விடுமுறை நாளாகக் கொண்டு, தேவை ஏற்பட்டால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. அக்காலத்தில் கோரிக்கையின் மையம் உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதாக இருந்தாலும், எல்லோருக்கும் ஒரே நாள் என்பதால் விளைந்த நன்மை, கேட்காமலே கிடைத்த பெரும் செல்வமாக அமைந்தது. உறவினர் வீட்டுக்குப் போவதும், பெண் பார்க்க வருவதும், கறி எடுத்துச் சமைத்து எல்லோரும் ஒன்றாக உண்பதும் அந்த ஒரு நாளை நம்பியே நடந்துவந்தன.

அந்தப் பொது நாள் இப்போது அரசாணைகளின் வழியே சிறிது சிறிதாகக் கரைந்துவருகிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகளும் வணிக நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாள்களிலும் 24 மணிநேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019 ஜூனில் ஆணையிட்டது. 2022இல் அது மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு பணியாளருக்கும் வாரத்தில் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுப்பு அளிக்க வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனைகளுள் ஒன்று. தனியொரு பணியாளரை வைத்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துணிக்கடையில் நிற்கும் மனைவிக்குச் செவ்வாய்க்கிழமையும், பேரங்காடியில் பில் போடும் கணவனுக்கு வியாழக்கிழமையும் விடுப்பு வந்து, பள்ளிக்கூடம் ஞாயிறன்று மட்டும் மூடப்படும் குடும்பத்தில், மூன்று விடுமுறைகள் இருந்தும் மூவரும் கூடியிருக்கும் நாள் ஒன்றுகூட இல்லை. சட்டம் தொழிலாளியைத் தனியாளாகவே பார்க்கிறது. அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் ஒரு பணிப்பட்டியல் உண்டு என்பதை அது அறிந்துகொள்வதே இல்லை.

தம்பதியரின் நேரங்கள் பொருந்தாமற்போவது பற்றிய ஆழமான ஆய்வுகளுள் ஒன்று பிரான்சு நாட்டில் நடந்தது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு செலவிட்டனர் என்பதைச் சிறு சிறு இடைவெளிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த சமூகவியலாளர் லோரான் லெனார், இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியரின் பணிநேரங்கள் 1980களின் நடுப்பகுதிக்கும் 1990களின் இறுதிக்கும் இடையில் ஒன்றிலிருந்து ஒன்று மேலும் விலகிச் சென்றதைக் காட்டினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று தம்பதியரே நேரத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, பெரும்பாலும் முதலாளிகள் விதித்த நேரத்தால்தான் இந்த விலகல் ஏற்படுகிறது என்பதும், சமூகப் படிநிலையின் கீழ்ப்பகுதியில் இருப்போரையே அது மிகுதியாகப் பாதிக்கிறது என்பதும் 2008இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் முக்கியமான முடிவுகள். உயர்பதவியில் இருப்பவர் நெடுநேரம் உழைக்கக்கூடும். ஆயினும் அவரால் ஒரு மாலைக் கூட்டத்தை வேறு நாளுக்குத் தள்ளிவைக்க முடியும். கடைநிலை ஊழியருக்கு அந்த உரிமை இல்லை. வருமான ஏற்றத்தாழ்வைப் போலவே நேரத்தின் மீதான அதிகாரத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு.

அமெரிக்காவில் இதே பொருளை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஹாரியட் பிரெஸ்ஸர். மாலை, இரவு, வார இறுதி ஆகிய வேளைகளில் செய்யப்படும் வேலையை வழக்கத்துக்கு மாறான பணிநேரம் என்று வகுத்துக்கொண்ட அவர், வேலை செய்யும் அமெரிக்கர் ஐவரில் இருவர் இத்தகைய நேரங்களில் உழைப்பதாகவும், இரட்டை வருவாய்த் தம்பதியருள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடத்தில் இருவரில் ஒருவரேனும் பகல் நேரத்துக்குப் புறம்பான ஷிப்டில் இருப்பதாகவும் கணக்கிட்டார். குழந்தைகள் உள்ள தம்பதியரில் ஒருவர் தொடர்ந்து இரவுப் பணி செய்யும்போது மணமுறிவுக்கான வாய்ப்பு கூடுகிறது என்ற அவருடைய முடிவு பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆயினும் அதே ஆய்வுத் துறை இதன் மறுபக்கத்தையும் காட்டியிருக்கிறது. மனைவி வேலைக்குப் போயிருக்கும் வேளையில் வீட்டிலிருக்கும் தந்தை, வேறு வழியில்லாத நிலையில் குழந்தையைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் தூங்கவைக்கவும் பழகிக்கொள்கிறார். தாய், தந்தை இருவரும் மாற்றி மாற்றி வேலைக்குப் போய்க் குழந்தையைத் தாமே பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் குழந்தைக்குப் பெற்றோரின் கவனிப்பு குறைவதில்லை. குறைவது பெற்றோர் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் நேரம். குழந்தையின் நலனைக் காப்பாற்ற, தம்பதியர் தங்கள் உறவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவமன்று. கோவை வட்டார நூற்பாலைகளில் பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று நாளை மூன்றாகப் பிரித்து உழைத்த தலைமுறைகளின் வீடுகளில், அப்பா தூங்குகிறார் என்று பகலில் பிள்ளைகளை அடக்கிவைப்பது அன்றாட ஒழுங்காக இருந்தது. ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் ஷிப்டு ஒருவருக்குத்தான், இன்று இருவருக்கும். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிக்கல் இங்கே எவ்வளவு பரவியிருக்கும் என்பது விளங்கும். மாலை ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் பெண்களைத் தொழிற்சாலையில் பணியமர்த்தக் கூடாது என்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல், பாதுகாப்பு நிபந்தனைகள் விதித்து, செல்லாதென அறிவித்தது. வேலை வாய்ப்பில் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்ற அளவில் அது நியாயமான தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிந்தைய காலத்தில், பெண் இரவில் பாதுகாப்பாக வேலைக்குப் போய்வருவது பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அந்த இரவில் அவளுடைய வீட்டின் ஒழுங்கு எப்படி மாறும் என்பது பேசப்படவில்லை.

தகவல் தொழில்நுட்பத் துறையில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது சென்னையில் கோடைக்காலத்தில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஆகவே அமெரிக்க வாடிக்கையாளருடன் பேசியே தீர வேண்டிய பொறியாளருக்கு, குழந்தை பள்ளிப் பாடத்துடன் வந்து உட்காரும் வேளையும், இரவு உணவு வேளையும் அலுவலகத்துக்குச் சொந்தமாகிவிடுகின்றன. அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் மூடிய அறைக்குள் இருக்கிறார்.

திருப்பூரில் நிலைமை மேலும் சிக்கலானது. எட்டு மணிநேர ஷிப்டுடன் நான்கு மணிநேரம் சேர்ந்த ஒன்றரை ஷிப்டு என்பது அங்கே இயல்பான பேச்சுவழக்கு. கணவனும் மனைவியும் ஒரே பனியன் கம்பெனியில் ஒரே ஒன்றரை ஷிப்டில் இருந்தால் நேர ஒத்திசைவு முழுமையாக இருக்கிறது என்று ஏட்டுக்கணக்கு சொல்லக்கூடும். காலை எட்டரைக்கு ஒன்றாகப் போய் இரவு எட்டரைக்கு மேல் ஒன்றாகத் திரும்புகிறார்கள். ஆனால் பிற்பகல் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் யாரும் இல்லை. ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டியோ, பக்கத்து வீட்டு அக்காவோ அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். பிழைப்புக்காக மாவட்டம் விட்டு, மாநிலம் விட்டு வந்த குடும்பங்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை. எனவே இரட்டை வருவாய்க் குடும்பத்தில் பொருந்த வேண்டிய நேரங்கள் இரண்டல்ல; பள்ளியின் நேரத்தையும் சேர்த்து மூன்று.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றி, விரும்பும் தொழிற்சாலைகள் நாளுக்கு 12 மணிநேர வேலைமுறையைப் பின்பற்ற வழிசெய்தது. வாரத்துக்கு 48 மணிநேரம் என்ற உச்சவரம்பு மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சரால் அறிவிக்கப்பட்டது. உடல் தளர்ச்சியும் எட்டு மணிநேர உரிமையின் வரலாறும் அந்த எதிர்ப்பில் முன்னின்றன. குடும்ப நேரம் என்ற கோணத்தில் பார்த்தாலும் அந்த எதிர்ப்பு சரியானதே. பயணத்தையும் சேர்த்துப் பதினான்கு மணிநேரம் வெளியில் கழிக்கும் நாளில், விழித்திருக்கும் பிள்ளையைத் தாய் பார்ப்பது அரிது. புதன்கிழமை கிடைக்கும் ஓய்வைக் கொண்டு திங்கட்கிழமை இரவு இழந்ததை ஈடுசெய்யவும் முடியாது. குழந்தையின் பசியும் காய்ச்சலும் கேள்விகளும் வாரக் கணக்கில் சேர்த்துவைக்கக் கூடியவை அல்ல.

நேரங்கள் பொருந்திவந்தாலும் அந்தப் பொது நேரத்துக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், ஊதிய வேலை முடிந்து வீடு திரும்பும் பெண் அங்கே இன்னொரு ஷிப்டைத் தொடங்குகிறாள் என்பதை 1989இல் வெளியான தம் நூலில் விளக்கி, ஆண்டுக் கணக்கில் அது இருபத்துநான்கு மணிநேர நாள்கள் கொண்ட ஒரு மாதம் கூடுதலாக உழைப்பதற்குச் சமம் என்று மதிப்பிட்டார். இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் அதில் செலவிட்டனர். 2019இல் இவை முறையே 299, 97 நிமிடங்கள். பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்ததைப் பார்த்து ஆறுதல் கொள்ள வழியில்லை. ஆணின் பங்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கிறது. எல்லோரும் வீட்டிலிருக்கும் அந்தப் பொது நேரத்தில் கணவனும் பிள்ளைகளும் கூடத்தில் இருக்க, மனைவி அடுப்படியில் நின்றால், குடும்ப நேரம் என்று பெயர்பெற்ற ஒன்று அவளுக்கு மட்டும் வேலை நேரமாகவே கழிகிறது.

அதனாலேயே வீட்டு வேலையின் ஒரு பகுதியை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் அரசுத் திட்டங்களை நேரத்தின் கண்கொண்டும் மதிப்பிட வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஊட்டச்சத்து, வருகைப்பதிவு ஆகியவற்றை வைத்தே பேசப்படுகிறது. ஆனால் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டிய பெற்றோரின் வீட்டில், நாளின் மிக நெருக்கடியான ஒரு மணிநேரத்தை அது விடுவித்துத் தருகிறது. இதன் மதிப்பை இன்னும் யாரும் சரியாக எடைபோடவில்லை.

குழந்தைக் காப்பகத்தில் நிலைமை இவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதோடு, ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் விதித்தது. தாய்க்கு நான்கு முறை அனுமதித்த சட்டம் தந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் தந்தையருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. சுவீடன் 1974லேயே பெற்றோர் விடுப்பைத் தந்தைக்கும் திறந்துவிட்டது. இன்று அங்குள்ள 480 நாள்களில் 90 நாள்கள் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்டு, ஒருவர் எடுக்காததை மற்றவருக்கு மாற்ற முடியாதபடி அமைந்திருக்கின்றன. ஜெர்மனி 2015இல் இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. தாய், தந்தை இருவரும் ஒரே காலத்தில், தொடர்ந்து நான்கு மாதங்கள், வாரத்துக்கு 25 முதல் 30 மணிநேரம் என்ற அளவில் வேலையைக் குறைத்துக்கொண்டால் பெற்றோர் உதவித்தொகை கூடுதல் மாதங்களுக்கு வழங்கப்பட்டது. ஒருவர் முழுதாக உழைத்து மற்றவர் முழுதாக வீட்டிலிருக்கும் பழைய பிரிவினையை விட்டு, இருவரும் ஒரே வேளையில் சற்றுக் குறைவாக உழைப்பதற்கு அரசே பணம் தருகிறது என்பதில்தான் இத்திட்டத்தின் சிறப்பு இருக்கிறது. பின்னாளில் மணிகளின் வரம்பு சற்றுத் தளர்த்தப்பட்டபோதும் அந்த அடிப்படை மாறவில்லை.

செலவே இல்லாத சீர்திருத்தங்களும் உள்ளன. நாளை எந்த ஷிப்டு என்பது இன்று மாலைதான் தெரியும் என்ற நிலையில் எந்தத் தம்பதியரும் எதையும் திட்டமிட முடியாது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலமும் சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களும், பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள் பணிப்பட்டியலை இரண்டு வாரங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தன. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய பேராசிரியர்கள் கேப் என்ற ஆடை நிறுவனத்தின் கடைகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, நிலையான பணிப்பட்டியல் கொடுத்த கடைகளில் விற்பனை சுமார் 7 விழுக்காடு உயர்ந்ததைக் காட்டியது. பணியாளரின் வீட்டை மதித்தால் கடைக்கு இழப்பு வரும் என்ற அச்சத்துக்கு இதில் இடமில்லை.

கணவனும் மனைவியும் ஒரே ஊரில் பணிபுரிய வேண்டும் என்ற கொள்கையை இந்திய அரசு 1986லேயே வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது; தமிழ்நாட்டில் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்விலும் கணவன்–மனைவி முன்னுரிமை என்ற பிரிவு உண்டு. குடும்பத்துக்காக இடத்தை இசைவிக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட அதே நிர்வாகம், நேரத்தையும் இசைவிக்கலாம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஒரே அரசு மருத்துவமனையில் செவிலியராகவும் ஆய்வக நுட்பநராகவும் இருக்கும் தம்பதியரின் டியூட்டிப் பட்டியல்களை இரண்டு அலுவலர்கள் தனித்தனியே எழுதுகிறார்கள். விண்ணப்பிக்கும் தம்பதியருக்கு வாரத்தில் ஒரு நாளேனும் பொது விடுப்பாக அமைய வேண்டும், இருவருக்கும் மாறி மாறி இரவுப்பணி விழுந்து ஒருவரையொருவர் காணாத நிலை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று பணிவிதிகளில் இரண்டு வரிகள் சேர்க்கப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை; அந்த விதியைக் கடைகளுக்கான சுழற்சி விடுப்பு நிபந்தனையிலும், ஆலைகளின் நிலையாணைகளிலும் அப்படியே சேர்க்கலாம்.